கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பும் முன்: ஒரு டி.டி.பி. மேசையிலிருந்து

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் நான் டி.டி.பி. கடை வைத்து 22 வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஆறு வருஷம் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் தட்டச்சு வேலை. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தவள். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஆய்வு மாணவர்கள். அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்திலிருந்து வருவார்கள், இங்கே பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலிருந்து வருவார்கள், ஆலங்குளம், வள்ளியூர், அம்பாசமுத்திரம் பக்கமிருந்து பஸ் பிடித்தும் வருவார்கள். முன்பெல்லாம் ஆய்வேட்டு பைண்டிங்தான் பெரிய வேலை. இப்போது கருத்தரங்கக் கட்டுரைதான் அதிகம்.

இதை எழுதக் காரணம் கல்லிடைக்குறிச்சிப் பெண் ஒருத்தி. தாமிரபரணி அணைக்கட்டுகளில் வரும் தண்ணீரைப் பற்றி மூன்று வருஷம் அலைந்து தகவல் சேர்த்தவள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று தொடங்கி மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுக்கும் நேரில் போய் வந்திருக்கிறாள். அவள் அனுப்பிய கட்டுரை இரண்டே நாளில் திரும்பி வந்துவிட்டது. பெயரை மறைத்து அனுப்பச் சொன்ன இடத்துக்குப் பெயரோடு போயிருந்தது. ஆறு பக்கம் கேட்டிருந்தார்கள், ஏழரைப் பக்கம் இருந்தது. வடிவ விதிகளுக்குள் வரவில்லை என்று ஒரே வரியில் பதில். உள்ளே இருந்ததை ஒருவரும் படிக்கவில்லை.

படித்துப் பார்த்து வேண்டாம் என்று சொன்னால், ஏன் வேண்டாம் என்று நாலு வரி எழுதியிருப்பார்கள். அதை வைத்துக் கட்டுரையைத் திருத்தலாம். படிக்காமலே திரும்பினால் கையில் எதுவும் மிஞ்சாது, ஒரு வருஷம் போவதுதான் மிச்சம். அந்தப் பிள்ளைக்கு நடந்தது இன்னொரு பிள்ளைக்கு நடக்கக் கூடாது என்று நினைக்கிறேன். அதனால் என் மேசையில் எந்த வரிசையில் வேலை பார்க்கிறேனோ அதே வரிசையில் எழுதுகிறேன்.

அறிவிப்பைப் பேனாவோடு படியுங்கள்

கருத்தரங்க அறிவிப்பைக் கைபேசியில் தள்ளித் தள்ளிப் படித்தால் மனதில் நிற்காது. தாளில் எடுங்கள். சிவப்பு மையில் இவற்றுக்கு அடிக்கோடு போடுங்கள்: எத்தனை பக்கம், அதில் துணைநூல் பட்டியல் சேருமா சேராதா, தாள் ஏ4 அளவா அமெரிக்க லெட்டர் அளவா, எந்த டெம்ப்ளேட் (அவர்களே தருகிற மாதிரிக் கோப்பு), ஆசிரியர் பெயர் இருக்கலாமா கூடாதா, மேற்கோள் முறை எது, கோப்பு வேர்டிலா பிடிஎஃபிலா, கடைசி நாள் எது. இவ்வளவையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கணினித் திரைக்கு ஓரத்தில் ஒட்டி வைக்கச் சொல்வேன். கட்டுரை எழுதி முடித்த பிறகு இதைப் பார்ப்பவர்கள்தான் கடைசி ராத்திரி என் கடை ஷட்டரைத் தட்டுகிறார்கள்.

கடைசி நாளில் ஒரு சூட்சுமம் உண்டு. வெளிநாட்டுக் கருத்தரங்குகள் பலவற்றில் தேதிக்குப் பக்கத்தில் ஏ.ஓ.இ. என்று போட்டிருப்பார்கள். பூமியில் ஒரு நாள் கடைசியாக முடிகிற இடத்தின் நேரம் அது, கிரீன்விச்சுக்கு 12 மணி நேரம் பின்னால். 15ஆம் தேதி இரவு 11.59 ஏ.ஓ.இ. என்றால் நமக்கு 16ஆம் தேதி சாயங்காலம் 5.29. இது தெரியாமல் 15ஆம் தேதி ராத்திரி பதறியடித்துப் பாதிக் கட்டுரையை ஏற்றியவர்களும் உண்டு. தெரிந்துவைத்துக்கொண்டு 16ஆம் தேதி ஐந்து மணிக்கு உட்கார்ந்தவர்களும் உண்டு. அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் போகும், நெட் சுற்றிக்கொண்டே இருக்கும். முந்தின நாளே ஒரு பிரதியை ஏற்றிவிடுங்கள். பெரும்பாலான தளங்களில் கடைசி நிமிஷம் வரை புதுப் பிரதியை மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அனுப்பிய மறுநாளே ஏற்றுக்கொண்டோம், பணம் கட்டுங்கள் என்று கடிதம் வந்தால் நின்று யோசியுங்கள். கட்டுரையைப் பற்றி ஒரு வரிக் கருத்துகூட இல்லாமல் ஏற்றுக்கொள்கிற இடம், இயற்பியலுக்கும் இலக்கியத்துக்கும் வணிகவியலுக்கும் ஒரே மேடை போடுகிற இடம், குழுவில் பெயர் போட்டிருக்கும் பேராசிரியருக்கே அது தெரியாத இடம், இங்கெல்லாம் கொடுக்கிற பணம் உங்கள் உதவித்தொகையிலிருந்து போகிறது. உங்கள் நெறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

டெம்ப்ளேட்டுக்குள் எழுதுங்கள்

எழுதி முடித்துவிட்டு டெம்ப்ளேட்டுக்குள் கொட்டலாம் என்று நினைக்கிறார்கள். அதில் போகிற நேரம், முதலிலேயே அதற்குள் எழுதினால் போகவே போகாது. ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் சங்கத்தின் கருத்தரங்கு என்றால் செய்தித்தாள் போல நெடுக்காகப் பிரிந்த இரண்டு பத்தி, டைம்ஸ் நியூ ரோமன், உடல் எழுத்து 10 புள்ளி, தலைப்பு 24 புள்ளி. ஸ்பிரிங்கர் பதிப்பகத்தின் கணினியியல் வரிசை என்றால் ஒரே பத்தி, எழுத்து நிற்கிற இடம் 12.2 சென்டிமீட்டர் அகலம், 19.3 சென்டிமீட்டர் உயரம், அவ்வளவுதான். முதல்முறை பார்க்கிறவர்கள் ஏன் இவ்வளவு வெள்ளையாக விட்டிருக்கிறார்கள் என்று ஓரத்தைக் குறைத்துவிடுகிறார்கள். குறைக்காதீர்கள். அந்தத் தொகுதி சின்ன அளவுப் புத்தகமாக அச்சாவதற்கான கணக்கு அது.

டெம்ப்ளேட்டில் தலைப்பு, உட்தலைப்பு, படக்குறிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஸ்டைல் வைத்திருப்பார்கள். அதைச் சொடுக்கினால் போதும். நம் பிள்ளைகள் எழுத்தைத் தேர்ந்தெடுத்துத் தடிமனாக்கி, அளவைக் கூட்டி, ஸ்பேஸ் தட்டித் தட்டி நடுவில் கொண்டுவருகிறார்கள். என் கணினியில் நடுவில் நிற்கும், அடுத்த கணினியில் திறந்தால் ஓரத்தில் கிடக்கும். பழைய கோப்பிலிருந்து ஒட்டும்போதும் வெறும் எழுத்தாக மட்டும் ஒட்டுங்கள். வேர்டில் ஒட்டியவுடன் சின்னக் கட்டம் ஒன்று வரும், அதில் எழுத்தை மட்டும் வைத்துக்கொள் என்ற தெரிவு இருக்கும். இல்லாவிட்டால் பழைய கோப்பின் நோய் முழுதும் புதுக் கோப்புக்கு வந்துவிடும்.

பக்க எண் போட வேண்டாம் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். தொகுதி சேர்க்கும்போது அவர்களே போட்டுக்கொள்வார்கள். நாமாகப் போட்டு அனுப்பினால் எடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.

தமிழ்க் கட்டுரை என்றால்

இதில்தான் எனக்கு அதிக வேலை, அதிக வருத்தமும். நம் ஊரில் இன்னும் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்தியது. எழுத்துரு இருக்கிற கணினியில் ‘தமிழ்’ என்று தெரியும். இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, அதன் பின்னால் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். ஒரு தமிழ்த்துறைத் தம்பி நெல்லை நாட்டுப்புறத் தெய்வங்களைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் அனுப்பினான். அங்கே திறந்தவர்களுக்குப் பன்னிரண்டு பக்கமும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. கைபேசியில் பேசினார்களாம், ‘தம்பி, இதில் தமிழே இல்லையே’ என்று.

ஒருங்குறியில், அதாவது யூனிகோடில் அடியுங்கள். 2010இல் தமிழக அரசே அதை ஏற்றுக்கொண்டாயிற்று. விசைப்பலகை தமிழ்99 ஆனாலும் சரி, பழைய தட்டச்சு முறையானாலும் சரி, கை பழகிய முறையிலேயே ஒருங்குறியில் அடிக்க மென்பொருள் இருக்கிறது. என்.எச்.எம். ரைட்டர் போட்டுக்கொண்டு பழைய தட்டச்சு முறையைத் தேர்ந்தெடுங்கள், விரல் மாற வேண்டியதில்லை. பழைய பாமினிக் கோப்பை மாற்றுவதற்கும் மாற்றிகள் கிடைக்கின்றன. ஆனால் மாற்றிய பிறகு ஒருமுறை முழுசாகப் படிக்க வேண்டும். நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்துக்கொண்டு புரியாத எழுத்தாக மாற்றிவைத்திருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று உண்டு. ‘கௌரவம்’ என்று அடிக்க வேண்டியதை ‘கெளரவம்’ என்று அடிப்பார்கள். முதலாவதில் இருப்பது கௌ என்ற ஒரே எழுத்து. இரண்டாவதில் இருப்பது கெ, பக்கத்தில் ஒரு ள. தாளில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். தேடும்போதுதான் தெரியும், ‘கௌரவம்’ என்று தேடுகிறவருக்கு உங்கள் கட்டுரை அகப்படவே அகப்படாது. ‘ஔவையார்’ என்பதையும் ‘ஒளவையார்’ என்று ஒ, ள போட்டு அடித்துவைத்திருப்பார்கள். வேர்டில் தேடி மாற்றும் கட்டத்தைத் திறந்து ‘ஒளவை’ என்று போட்டுத் தேடுங்கள். ‘கெள’ என்றும், ‘செள’ என்றும் தேடுங்கள். சௌராஷ்டிரம், பௌத்தம், மௌனம் எல்லாவற்றிலும் இது ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றிவிடாதீர்கள், ‘கெளுத்தி’யில் வருகிற ‘கெள’ சரியான எழுத்து. ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

எழுத்துரு எது என்று சொல்லாமல் விட்டிருந்தால் நான் நோட்டோ வகைத் தமிழ் எழுத்துருவைப் போடுவேன், இலவசமாகக் கிடைக்கும். லதா எழுத்துருவில் வரிக்கு வரி இடைவெளி அதிகம் விழும், ஆறு பக்கக் கட்டுரை எட்டுப் பக்கமாகத் தெரியும். வரி இடைவெளியை ஒற்றை என்று விடாமல், இத்தனை புள்ளி என்று எண்ணாகக் கொடுத்தால் அடங்கும்.

ஆங்கிலக் கட்டுரைக்கு நடுவில் தமிழ்ச் சொல்லை ஒலிபெயர்த்து எழுதுகிறவர்களுக்கு ஒரு சொல். ழகரத்துக்கு அடிக்கோடு இட்ட எல், ளகரத்துக்கு அடிப்புள்ளி இட்ட எல் என்று முறை இருக்கிறது. அந்த அடிக்கோட்டை வேர்டின் அடிக்கோட்டுப் பொத்தானால் போடாதீர்கள். ஒட்டும்போதும் மாற்றும்போதும் கோடு உதிர்ந்துவிடும், ழ வெறும் ல ஆகிவிடும். அடிக்கோடு சேர்ந்த எழுத்து தனியாகவே இருக்கிறது, குறியீடுகள் பட்டியலில் தேடி எடுத்துப் போடுங்கள். வேர்டுக்குப் பதிலாக லேடெக்ஸ் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் எழுதுகிறவர்களுக்குத் தமிழ் எழுத்தே வர வேண்டும் என்றால் அதன் சீலேடெக்ஸ் வகை வேண்டும். ஓவர்லீஃப் தளத்தில் அமைப்புக்குள் போய் கம்பைலரை அதற்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் வைத்துக்கொண்டு தமிழ் வரமாட்டேன் என்கிறது என்று அழுத பிள்ளைகள் உண்டு.

தலைப்பும் சுருக்கமும்

‘ஓர் ஆய்வு’ என்று முடிகிற தலைப்பைக் கொண்டுவந்தால் நான் முதலில் அந்த இரண்டு சொல்லை எடுத்துவிடலாமா என்று கேட்பேன். ஆய்வுக் கருத்தரங்குக்கு ஆய்வுதான் போகும். அந்த இடத்தில் ஊரையோ காலத்தையோ போடலாம்.

ஆய்வுச்சுருக்கம் 150 முதல் 250 சொல் வரை கேட்பார்கள். கல்லிடைக்குறிச்சிப் பெண்ணின் முதல் சுருக்கம் ‘நீரின்று அமையாது உலகு என்பது வள்ளுவர் வாக்கு’ என்று தொடங்கியது. குறள் மேல் எனக்கும் பிரியம் உண்டு, என் கடைச் சுவரில் குறள் காலண்டர்தான் தொங்குகிறது. ஆனால் 150 சொல்லில் இருபது சொல் இப்படியே போய்விட்டால் அவள் எட்டு அணைக்கட்டுக்கும் நடந்த நடை எங்கே நிற்கும்? ‘தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலும் கார் சாகுபடிக் காலத்தில் திறந்துவிடப்பட்ட நீரை இந்தக் கட்டுரை ஒப்பிடுகிறது’ என்று முதல் வரியை மாற்றினோம். அடுத்த வரியில் தகவல் எங்கிருந்து எடுத்தாள், அடுத்ததில் என்ன கண்டாள், எண் இருந்தால் எண்ணோடு. தமிழ்க் கட்டுரைக்கு ஆங்கிலச் சுருக்கமும் கேட்பார்கள். இரண்டும் ஒன்றையே சொல்ல வேண்டும். தளத்தில் தனிக் கட்டத்தில் ஒட்டுகிற சுருக்கமும் கோப்பில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறந்துவிடுவது வழக்கமாக நடக்கிறது.

உங்கள் பெயர்

நம் பெயருக்கு முன்னால் நிற்பது அப்பாவின் எழுத்து. கருத்தரங்குத் தளமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்துக்கொண்டு கேட்கும். கடைசிப் பெயர் கட்டத்தில் சிலர் அப்பா பெயரைப் போடுவார்கள், சிலர் ஓர் எழுத்தைப் போடுவார்கள், சிலர் ஊரைப் போடுவார்கள். ஒரே ஆள் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒவ்வொன்றைப் போட்டால் அது மூன்று ஆளின் கட்டுரையாகக் கணக்காகும். அப்பா பெயரை முழுசாகப் போட்டீர்கள் என்றால் மேற்கோள் காட்டுகிறவர்கள் உங்களை அப்பா பெயரால்தான் குறிப்பிடுவார்கள். அது உங்களுக்குச் சம்மதமா என்று யோசித்துவிட்டுப் போடுங்கள்.

பெயருக்கு ஆங்கில எழுத்துக்கூட்டையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். லட்சுமி என்பதை எத்தனை விதமாக எழுதலாம் என்று உங்களுக்கே தெரியும். சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதையே முதல் கட்டுரையிலிருந்து கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர்களுக்கு ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, பத்து நிமிஷத்தில் வாங்கிவிடலாம். பெயர் எப்படிப் பிரிந்து கிடந்தாலும் அந்த எண் எல்லாவற்றையும் உங்களிடம் சேர்த்துவைக்கும். கல்யாணத்துக்குப் பிறகு எழுத்தை மாற்றிக்கொள்கிற பெண் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்வேன்.

படமும் வரைபடமும்

கல்லிடைக்குறிச்சிப் பெண் கொண்டுவந்த வரைபடத்தில் எட்டுக் கோடு, எட்டு வண்ணம். ‘ஸ்க்ரீன்ல தெளிவாத்தானேக்கா இருக்கு’ என்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் கருப்பு வெள்ளை லேசர் பிரிண்டரில் ஒரு பிரதி எடுத்து அவள் முன்னால் வைத்தேன். ‘இதுல கன்னடியன் எது, மருதூர் எதுன்னு சொல்லு பாப்போம்.’ அவளால் சொல்ல முடியவில்லை. சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. மதிப்பீட்டாளர் தாளில் எடுத்துத்தான் படிப்பார் என்றால், அவர் கையில் இருப்பதும் இந்தச் சாம்பல்தான். வண்ணம் பிரித்துப் பார்க்க முடியாத கண் உள்ளவர்களுக்குத் திரையிலும் இதே பாடுதான்.

ஒரு படத்தை இரண்டாக்கினோம், மேலணைக்கட்டுகள் நாலு, கீழணைக்கட்டுகள் நாலு. நாலு கோட்டுக்கும் வெவ்வேறு வகை கொடுத்தோம்: ஒன்று முழுக்கோடு, ஒன்று வெட்டுக்கோடு, ஒன்று புள்ளிக்கோடு, ஒன்று புள்ளியும் வெட்டும் கலந்தது. பெயர்களை மூலையில் தனிக் கட்டத்தில் அடைக்காமல் அந்தந்தக் கோட்டின் நுனியிலேயே எழுதினோம். மறுபடியும் அதே லேசர் பிரிண்டரில் எடுத்தோம். இந்தத் தடவை நான் கேட்கும் முன்னே அவளே விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

எழுத்தளவுக்குக் கணக்கு இருக்கிறது. இரண்டு பத்தித் தாளில் ஒரு பத்தியின் அகலம் ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எக்செல்லில் 18 சென்டிமீட்டர் அகலத்தில் 10 புள்ளி எழுத்தோடு படம் போட்டு அதைப் பத்திக்குள் நுழைத்தால் எழுத்து 5 புள்ளியாகச் சுருங்கிவிடும், பூதக்கண்ணாடி வேண்டும். முதலிலேயே ஒன்பது சென்டிமீட்டருக்குள் வரையுங்கள், 8 புள்ளி எழுத்து போடுங்கள். கோட்டு வரைபடத்தைத் திரையில் படம் பிடித்து ஒட்டாதீர்கள், பிடிஎஃபாகச் சேமித்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. புகைப்படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். பத்தி அகலம் மூன்றரை அங்குலம் என்று வைத்தால் குறுக்கே 1050 புள்ளியாவது இருக்க வேண்டும். அணைக்கட்டில் எடுத்த படத்தை வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது பிழிந்துதான் அனுப்பும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது மெயிலில் போடுங்கள்.

படத்துக்குக் குறிப்பு கீழே, அட்டவணைக்குத் தலைப்பு மேலே. இந்த முறை ஐ.இ.இ.இ.யிலும் ஸ்பிரிங்கரிலும் ஒன்றுதான்.

பக்கம் மீறினால்

ஓரத்தைச் சுருக்குவது, எழுத்தை 10இலிருந்து 9.5 ஆக்குவது, வரியை நெருக்குவது, இதெல்லாம் பார்க்கிறவர்களுக்கு உடனே தெரியும். ஒன்றும் செய்யாமல் கட்டுரையின் ஒவ்வொரு பத்தியின் கடைசி வரியைப் பாருங்கள். ஒரே ஒரு சொல் மட்டும் தனியாகத் தொங்கும் வரிகள் இருக்கும். அந்தப் பத்தியில் ஒரு சொல்லைக் குறைத்தால் ஒரு வரி மிஞ்சும். ஏழரைப் பக்கக் கட்டுரையில் இப்படியே இருபத்தாறு வரி எடுத்தோம். அப்புறம் ‘இக்கட்டுரையின் இரண்டாம் பகுதி இன்னதைக் கூறுகிறது, மூன்றாம் பகுதி இன்னதைக் கூறுகிறது’ என்ற பத்தியை எடுத்தோம். அட்டவணையில் இருந்த எண்களையே மறுபடி வாக்கியமாகச் சொல்லியிருந்த இடங்கள் எல்லாம் போயின. ஆறாம் பக்கத்தில் நாலு வரி இடம்கூட மிச்சம் இருந்தது.

துணைநூல் பட்டியல்

இதைக் கடைசியில் செய்யக் கூடாது. ஒரு நூலைப் புரட்டும்போதே பதிப்பு விவரப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். நூலகத்துக்கு மறுபடி ஒரு பஸ் மிச்சமாகும். ஜோட்டரோ என்ற இலவச மென்பொருளில் ஏற்றிவைத்தால் எண் முறையோ பெயர்-ஆண்டு முறையோ, கேட்ட முறைக்கு அதுவே மாற்றிக் கொடுக்கும். ஆனால் அது கொடுப்பதை அப்படியே நம்பாதீர்கள், நம் பெயரின் முன்னெழுத்தை எடுத்துக் கடைசிப் பெயராக வைத்திருக்கும்.

நம் வட்டாரத்தைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி வரலாறு 1881இல் வந்தது. கையில் இருப்பது மறுபதிப்பு என்று அந்த ஆண்டை மட்டும் போட்டால், அவர் இந்தக் காலத்து ஆள் போலத் தெரியும். முதல் பதிப்பு ஆண்டையும் கையிலிருக்கும் பதிப்பின் ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள். அந்த நூலின் ஆங்கிலத் தலைப்பில் திருநெல்வேலியைத் ‘தின்னவெலி’ என்று பழைய முறையில் எழுத்துக்கூட்டியிருக்கும், அதைத் திருத்தாதீர்கள். நூலின் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும்.

இன்னொன்று மாவட்டம். தூத்துக்குடி 1986இல் பிரிந்தது, தென்காசி 2019இல் பிரிந்தது. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜாகர் என்ற ஜெர்மானியர் தோண்டியபோது அது திருநெல்வேலி மாவட்டம், இப்போது தூத்துக்குடி மாவட்டம். பழைய நூலைப் பார்த்து அப்படியே எழுதினால், ஊரை அறிந்த மதிப்பீட்டாளர் அங்கேயே பேனாவை வைப்பார். இன்றைய மாவட்டத்தைப் போட்டு, அன்றைக்கு எதில் இருந்தது என்று ஒரு சொல் சேருங்கள்.

பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கிற ஒப்புமைச் சோதனை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2018இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) விதியில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. துணைநூல் பட்டியலையும் மேற்கோள் குறிக்குள் மூலம் சொல்லி எழுதியதையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. அறிக்கை எடுக்கும்போது அவற்றை விலக்கச் சொல்லி எடுங்கள். சதவீதத்தைக் குறைக்கச் சொல்லை மட்டும் மாற்றி மாற்றி அடித்துக் கொண்டுவருகிறவர்களிடம் நான் சொல்வது, அந்தப் பத்தியை மூடிவைத்துவிட்டு என்னிடம் வாயால் சொல்லுங்கள் என்பதுதான். வாயால் சொல்வதை நான் அடித்துத் தருவேன். அது அவர்கள் எழுத்தாக இருக்கும்.

பெயர் மறைத்து அனுப்புவது

எழுதியது யார் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியக் கூடாது என்றால், முதல் பக்கத்தில் பெயரை அழித்தால் போதாது. நன்றியுரையில் நெறியாளர் பெயர் இருக்கும், அதை எடுங்கள், ஏற்றுக்கொண்ட பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ‘எங்கள் முந்தைய கட்டுரையில் காட்டியபடி’ என்று எழுதியிருந்தால் வேறு ஒருவர் எழுதியதைச் சொல்வது போல மாற்றுங்கள். புகைப்படத்தில் கல்லூரிப் பலகை தெரிகிறதா பாருங்கள். கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயர் இருக்கும், மாற்றுங்கள். கோப்புக்குள்ளும் இருக்கும். வேர்டில் ஃபைல், இன்ஃபோ என்று போனால் ஆவணத்தைச் சோதிக்கும் வசதி வரும். அதை ஓட்டினால் ஆசிரியர் பெயர், பழைய திருத்தங்கள், ஓரக் குறிப்புகள் எல்லாவற்றையும் காட்டி எடுத்துவிடும். என் கடைக் கணினியில் அடித்த கோப்பில் ஆசிரியர் என்று என் கடைப் பெயர் இருக்கும், அதையும் எடுத்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

கடைசிப் பிரதி

ஏற்றுக்கொண்ட பிறகு கேமரா ரெடி பிரதி கேட்பார்கள். பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் விழிப்பார்கள். அச்சகத்தில் நான் இருந்தபோது பக்கத்தை அச்செடுத்துக் கேமராவில் படம் பிடித்துத்தான் பிளேட் போட்டார்கள். படம் பிடித்த பிறகு ஒரு துணைக்கால்கூட மாற்ற முடியாது. அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது, பொருளும் அதுதான்: நீங்கள் அனுப்புவதை யாரும் திருத்த மாட்டார்கள், அப்படியே அச்சாகும்.

அதனால் பிழை பார்ப்பதை அச்சக முறையில் செய்யுங்கள். ஒருவர் தாளைப் பார்த்துச் சத்தமாகப் படிக்க வேண்டும், புள்ளி, காற்புள்ளியோடு. மற்றவர் மூலப் பிரதியில் விரல் வைத்துத் தொடர வேண்டும். எண்களை மட்டும் தனியாக ஒரு சுற்று படியுங்கள். பிறகு பிடிஎஃப் எடுத்து, அக்ரோபாட் ரீடரில் பிராப்பர்ட்டீஸ் திறந்து ஃபான்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் பக்கத்தில் எம்பெடட், அதாவது கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கிறது என்று இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் வேறு கணினியில் எழுத்து மாறிப்போகும். தாள் அளவையும் அங்கேயே பார்த்துவிடலாம்: ஏ4 என்றால் 210க்கு 297 மில்லிமீட்டர், லெட்டர் என்றால் 216க்கு 279.

பிரதியை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துத் தம்பி ஒருவனின் மடிக்கணினி வீட்டோடு முழுகியது. முந்தின வாரம் தனக்கே ஒரு மெயில் போட்டிருந்தான், அது மட்டும்தான் பிழைத்தது.

கல்லிடைக்குறிச்சிப் பெண் இந்த வருஷம் கடைசி நாளுக்கு முந்தின நாள் மத்தியானமே வந்துவிட்டாள். கருத்தரங்குக்காரர்கள் கட்டுரை வாங்கும் ஈசிசேர் தளத்தில் ஏற்றினோம். உறுதிக் கடிதம் மெயிலுக்கு வந்தது. ‘போயிட்டுல்லாக்கா, நான் கிளம்புதேன்’ என்றாள். கொஞ்சம் இரு என்று சொல்லி, ஏற்றிய கோப்பைத் தளத்திலிருந்து திரும்ப இறக்கி அவள் கைபேசியில் திறக்கச் சொன்னேன். அங்கே இருப்பதுதான் அவர்கள் படிக்கப்போவது. முதல் பக்கத்தில் பெயர் இல்லை. ஆறாம் பக்கத்தோடு முடிந்தது. மூன்றாம் படத்தை இரண்டு விரலால் விரித்து நாலு கோட்டின் நுனியிலும் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. உறுதிக் கடிதத்தை ஒரு பிரதி எடுத்துக் கோப்பு உறையில் வைத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் பஸ்ஸுக்கு ஓடினாள்.